வேலூர்ப் பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு: குடும்பமாகத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான்கு முதல் ஒன்பது வயதுவரை பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் ஆறு வீட்டுப் பிள்ளைகளை மூன்று வருடமாக ஞாயிறு காலையில் விளையாடக் கூட்டிப் போகிறோம். எந்த வீட்டுப் பிள்ளை தொடர்ந்து வருகிறது, எந்த வீட்டில் இரண்டே வாரத்தில் ஷூ பரணுக்குப் போகிறது என்று பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையிடம் குறை இருப்பது அபூர்வம். வரிசைதான் தவறிப்போகிறது. பணம் கட்டி வகுப்பில் சேர்ப்பதையே முதல் வேலையாகச் செய்துவிடுகிறோம். அது ஏழாவது வேலை. அதற்கு முன் செய்ய வேண்டிய ஆறையும் வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த மாதம் தொடங்குவது

பள்ளி விடுமுறை விட்டதும் ஏப்ரலில் தொடங்குவதுதான் நம் ஊர் வழக்கம். வேலூரைப் பொறுத்தவரை அது தப்பான மாதம். மே 4-ஐ ஒட்டிக் கத்திரி தொடங்கிவிடும், வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். காலை எட்டு மணிக்கே தரை சுடும். ஒரு பிள்ளைக்குப் புது விளையாட்டின் முதல் ஞாபகம் தலைவலியும் வாந்தியுமாக இருந்தால், அடுத்த வருடம் அந்தப் பேச்சை எடுத்தாலே அழும்.

நானும் இந்தத் தப்பைச் செய்தேன். பெரியவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஏப்ரல் கடைசியில் ஸ்கேட்டிங் வகுப்பில் ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினேன். சிமெண்ட் தளம், மாலை நான்கு மணி வகுப்பு. ஒன்பது நாள் போனாள். பணம் திரும்பி வரவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், அதற்குப் பிறகு இரண்டு வருடம் சக்கரம் வைத்த எதிலும் அவள் ஏறவில்லை.

தை மாதத்தில் தொடங்குங்கள். பொங்கல் முடிந்த பிறகு மழையும் ஓய்ந்திருக்கும், காலையில் குளிர்ச்சி இருக்கும். பங்குனி வரும்போது பிள்ளைக்குப் பழக்கம் ஏற்பட்டிருக்கும். தையைத் தவறவிட்டால் ஜூலையில் ஆரம்பிக்கலாம். ஜூன் வேண்டாம். புது வகுப்பு, புது ஆசிரியர் என்று பிள்ளை ஏற்கனவே திணறிக்கொண்டிருக்கும்.

2. முன்கூட்டியே தேவையானவை

கடைக்குப் போவதற்கு முன் டாக்டரிடம் ஒரு தடவை போய் வாருங்கள். வீசிங், வலிப்பு, இதயத்தில் ஏதேனும் குறை, அடிக்கடி காதில் சீழ் வருவது ஆகியவற்றில் எது இருந்தாலும் விளையாடக்கூடாது என்று அர்த்தமில்லை. எதைச் செய்யலாம், பையில் எந்த மருந்து இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் போகிறோம். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலரை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு மைதானத்துக்கு வந்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்க வேண்டியது ஒரு ஜோடி ஷூ மட்டும்தான். பிள்ளை நின்றபடி இருக்கும்போது பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். ‘அடுத்த வருஷமும் வரும்’ என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால் கால் உள்ளே நழுவும், தடுக்கி விழும்.

பேட், ஸ்கேட், சிலம்பக் கம்பு எதையும் இப்போது வாங்காதீர்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு ஜோடி ஸ்கேட் இதுவரை நான்கு வீடு சுற்றிவிட்டது.

பையில் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு, தொப்பி, சின்ன டவல், மாற்றுச் சட்டை, பிளாஸ்திரி. கிளம்பும் முன் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டால் போதும். ஒரு வாழைப்பழம் அல்லது ஒரு டம்ளர் ராகிக் கஞ்சி. திரும்பி வந்த பிறகு இட்லியும் வேகவைத்த வேர்க்கடலையும் வயிறு நிறையக் கொடுங்கள்.

இன்னொன்று, பலர் மறப்பது: பெரியவர்களில் யார் எந்த நாள் வருவது என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள். அம்மா தனியாக இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போகும் வீட்டில் மூன்றாவது வாரம் எல்லாம் நின்றுபோகும். தாத்தாவுக்கு முழங்கால் வலி என்றால் அவர் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்லட்டும். எங்கள் ஞாயிறு கூட்டத்தில் விசில் ஊதுவது ஒரு தாத்தாதான், பிள்ளைகள் அவருக்குத்தான் பயப்படுகிறார்கள்.

3. முதல் மூன்று வாரம் தெரு விளையாட்டு மட்டும்

எந்த விளையாட்டுக்கும் அடியில் ஐந்து திறமை இருக்கிறது. ஓடிச் சட்டென்று நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து முழங்காலை மடக்கி இறங்குவது, எறிவது, பிடிப்பது. இவை வராத பிள்ளையை நேராக பேட்மிண்டன் வகுப்பில் நிறுத்தினால், தனக்கு எதுவும் வரவில்லை என்று அதற்கே தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும்.

இந்த ஐந்தும் நம் விளையாட்டுகளிலேயே இருக்கின்றன. பாண்டி ஆடினால் ஒற்றைக்காலும் குதிப்பும் வரும். கல்லா மண்ணாவில் ஓடி நிற்பது வரும். சுவரில் பந்தை எறிந்து பிடித்தால் எறிதலும் பிடித்தலும் வரும். பந்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொள்ளும் பிள்ளையா? பலூனில் தொடங்குங்கள். மெதுவாக வரும், பட்டாலும் வலிக்காது. பலூன் சரியாக வந்ததும் காலுறையைச் சுருட்டி உருண்டையாக்கி எறியுங்கள். ரப்பர் பந்து கடைசியில்.

நேரம் 25 நிமிடம். பிள்ளை ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்கும்போதே நிறுத்த வேண்டும். களைத்துப்போய் முடித்தால் மறுநாள் கூப்பிடும்போது அந்தக் களைப்புதான் நினைவுக்கு வரும், ஆசையோடு முடித்தால் ஆசை.

நேரக் கணக்கைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி 3, 4 வயதுப் பிள்ளைகள் நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். 5 வயதிலிருந்து நாளுக்குச் சராசரி 60 நிமிடம், மூச்சு வாங்கும் அளவில். மாடிப்படி ஏறுவது, கடைக்கு நடப்பது, தண்ணீர்க் குடம் தூக்கும் அம்மா பின்னாலேயே ஓடுவது எல்லாம் முதல் கணக்கில் சேரும். ஆகவே 25 நிமிடம் குறைவு என்று கவலைப்பட வேண்டாம்.

நீங்களும் ஆட வேண்டும். ஓரமாக நின்று செல்போன் பார்த்துக்கொண்டே ‘போ, விளையாடு’ என்றால் நான்கு வயதுப் பிள்ளை போகாது. அப்பா பாண்டியில் கோட்டை மிதித்து அவுட் ஆவதைப் பார்த்த பிறகு, தான் அவுட் ஆவது அதற்குப் பெரிய விஷயமாகத் தெரியாது.

4. சைக்கிள்: பெடலைக் கழற்றிவிட்டு

இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரம் வைத்த சைக்கிளில் இரண்டு வருடம் ஓட்டிய பிள்ளைக்கும் பேலன்ஸ் வருவதில்லை. சைக்கிள் சாயவே சாயாதபோது, சாய்ந்தால் என்ன செய்வது என்று எப்படித் தெரியும்? அதனால் குட்டிச் சக்கரத்தையும் பெடலையும் சேர்த்தே கழற்றுங்கள்.

பெடலை நீங்களே கழற்றினால் ஒரு எச்சரிக்கை. வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் சுற்றினால் கழலும். இடது பெடலுக்கு மரை தலைகீழ், வலப்பக்கம் சுற்ற வேண்டும். தெரியாமல் பலம் கொடுத்து மரையைத் தின்றுவிட்டவர்கள் பலர். சந்தேகமாக இருந்தால் சைக்கிள் கடையில் கொடுங்கள், இரண்டு நிமிட வேலை.

சீட்டை இறக்குங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். பிறகு இந்த வரிசை:

முதலில் பிரேக். பிள்ளை சைக்கிளில் ஏறாமல் பக்கத்தில் தள்ளிக்கொண்டே நடந்து, ‘நில்’ என்றதும் பிரேக் பிடிக்கட்டும். விரல் பிரேக்கை எட்டுகிறதா என்று இப்போதே தெரிந்துவிடும்.

அடுத்து உட்கார்ந்து காலால் நடப்பது. ஒரு வாரம் இதுவே போதும், அவசரம் வேண்டாம்.

பிறகு காலால் உந்தி, இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சறுக்கிப் போவது. தாத்தா எண்ணட்டும். ஐந்து எண்ணும் வரை கால் தரையில் படாமல் தொடர்ந்து பல முறை போனால் பேலன்ஸ் வந்துவிட்டது.

அதன் பிறகுதான் பெடலை மாட்ட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பெடல் மாட்டிய அன்றே ஓட்டிவிடுகிறார்கள்.

பிடிக்க வேண்டியிருந்தால் பிள்ளையின் அக்குளிலோ தோளிலோ பிடியுங்கள். ஹேண்டில்பாரை நீங்கள் பிடித்தால் பேலன்ஸ் செய்வது நீங்கள்தான், பிள்ளை அல்ல. ஹெல்மெட் கட்டாயம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் முன்விளிம்பு நிற்க வேண்டும், பின்னால் சரியக்கூடாது. செருப்போடு ஏற்றாதீர்கள். கால் விரல் கம்பிக்குள் போய் வரும் காயம் ஆற நாளாகும்.

இடம்: பள்ளி மைதானம், வீடு வராத மனைப்பிரிவுத் தெரு. சத்துவாச்சாரிக்காரர்கள் தயவுசெய்து சர்வீஸ் ரோட்டுக்குப் பிள்ளையைக் கொண்டு போகாதீர்கள். ஞாயிறு காலை காலியாகத் தெரிந்தாலும், சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வண்டி அதே வேகத்தில் வரும்.

தெரு நாய் துரத்தினால் வேகமாக மிதிக்கக்கூடாது, நிறுத்தி இறங்கி சைக்கிளைக் குறுக்கே வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுங்கள். கடித்தாலோ நகக்கீறல் பட்டாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்க வேண்டாம்.

5. தண்ணீர்

மற்ற விளையாட்டில் தப்பு நடந்தால் முழங்கால் சிராயும். இதில் அப்படி இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீச்சல் வகுப்புக்கு முன் வீட்டில் ஒரு வாரம். வாளியில் முகத்தை வைத்து வாயால் குமிழி விடுவது. தலையில் சொம்புத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணைத் திறந்து வைப்பது. முகத்தில் தண்ணீர் பட்டால் அலறும் பிள்ளை குளத்தில் எதையும் கற்காது, அந்தப் பயம் வீட்டிலேயே போக வேண்டும். விளையாடி முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தவழும் தம்பி தங்கைக்கு அரை வாளி தண்ணீரே ஆபத்து.

பிறகு பிள்ளையின் இடுப்பளவு ஆழமுள்ள நீச்சல் குளம். நீங்களும் உள்ளே இறங்க வேண்டும், கை எட்டும் தூரத்தைத் தாண்டக்கூடாது. விளிம்பைப் பிடித்துக் கால் உதைப்பது, உங்கள் கை தாங்க மல்லாந்து மிதப்பது, சுவரை உதைத்து உங்களிடம் சறுக்கி வருவது என்ற வரிசையில் போங்கள். மிதப்பதை முதலில் கற்பிப்பதற்குக் காரணம், களைத்துப்போன பிள்ளையைக் காப்பாற்றுவது அதுதான். கை வீச்சையும் மூச்சு வாங்குவதையும் கோச் பார்த்துக்கொள்வார்.

கையில் மாட்டும் காற்றுப் பை, டியூப் இவற்றை நம்பாதீர்கள். நழுவும், கவிழும். பிள்ளைக்கும் நமக்கும் பொய்யான தைரியம் வந்துவிடும்.

கிணறு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. அணைக்கட்டுப் பக்கம் எங்கள் தாத்தாவின் விவசாயக் கிணற்றில்தான் நான் நீச்சல் பழகினேன். இடுப்பில் கயிறு, முதுகில் காலி பிளாஸ்டிக் கேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகள் கிணற்றைப் பார்த்ததும் குதிக்கத் துடிப்பார்கள். என் கருத்து: குளத்தில் மிதக்கப் பழகிய பிள்ளை மட்டும், நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் உள்ளே இருக்கும்போது மட்டும் இறங்கலாம். இறங்கும் முன் மோட்டாரை நிறுத்தினால் போதாது, மெயின் சுவிட்சையே அணையுங்கள். மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது. படிக்கட்டு இல்லாத கிணறு வேண்டவே வேண்டாம்.

பாலாற்றில் மழைக்குப் பிறகு தண்ணீர் வந்தால் ஊரே பார்க்கப் போகும். பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடக்கும்போதே அடுத்த அடி ஆளை விழுங்கும். கோட்டை அகழி ஓரத்திலும் பிள்ளையின் கையை விடாதீர்கள்.

எங்கே போனாலும் ஒரு ஆள் காவல். அவர் கையில் செல்போன் இருக்கக்கூடாது, 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். நீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது. சத்தமில்லாமல் அடங்கிவிடும். ஐந்து பெரியவர்கள் இருந்தால் ஐந்து பேருமே, மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவோம். அதனால்தான் பெயர் சொல்லி ஒருவரை நியமிக்கிறோம்.

வெளியே எடுத்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் தவறு. நேரம்தான் வீணாகும். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து நெஞ்சை அழுத்த வேண்டும், இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு முதலுதவிப் பயிற்சியில் கையால் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

6. ஒரு நாள் மலைக்கு

இரண்டு மாதம் ஆனதும் ஒரு நாள் ஏலகிரி போய் வாருங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம் என்பதால் வெயில் நம் ஊர் அளவுக்கு அடிக்காது. 14 கொண்டை ஊசி வளைவுகளைப் பிள்ளைகள் சத்தமாக எண்ணிக்கொண்டு வரட்டும். வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும், செல்போனைக் கொடுத்தால் ஐந்தாவது வளைவிலேயே வாந்தி. புங்கனூர் ஏரியில் படகு, லைஃப் ஜாக்கெட்டின் கொக்கியை நீங்களே மாட்டிவிடுங்கள்.

மலைப்பாதையில் நடக்கும்போது வீட்டின் மிகச் சின்னப் பிள்ளையை முன்னால் விடுங்கள். எல்லோரும் அதன் வேகத்துக்கு நடப்பார்கள். பின்னால் விட்டால் அது முழு நேரமும் ஓடிக்கொண்டே வரும். ஏற எவ்வளவு நேரமோ அதற்கு இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

7. இப்போது வகுப்பு

இதுவரை செய்ததில் பிள்ளை எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அதற்கு மட்டும் வகுப்பு பாருங்கள். குழு விளையாட்டுக்கு ஆறு வயதாகட்டும். அதற்கு முன் விதியை நினைவில் வைத்துக்கொண்டு, முறை வரும் வரை காத்திருப்பது பல பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டு அரங்குகளில் கோடைப் பயிற்சி முகாம் நடத்தும். வேலூருக்கு நேதாஜி மைதானம் இருக்கிறது. அங்கே முகாமுக்குப் போவதென்றால் எந்தெந்த வயதுக்கு எது என்று ஏப்ரலுக்கு முன்பே போய் விசாரியுங்கள், காலை வேளை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

தனியார் வகுப்பானால் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கக்கூடாது என்று சொன்னால் அங்கே சேர்க்க வேண்டாம், வேறு காரணமே தேவையில்லை. ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு உண்மையில் எத்தனை நிமிடம் விளையாட்டு, வரிசையில் நிற்பது எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். விழுந்த பிள்ளையிடம் கோச் என்ன பேசுகிறார் என்று கேளுங்கள். பணம் மாதா மாதம்தான். வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம்.

யாராவது தொடக்கூடாத இடத்தில் தொட்டால் உடனே வந்து சொல்ல வேண்டும், நாங்கள் திட்ட மாட்டோம் என்பதைப் பையன், பெண் இருவருக்கும் சேர்க்கும் முன்பே சொல்லிவையுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

எங்கள் ஏரியாவில் அடிக்கடி வரும் கேள்வி பளுதூக்குதல். சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியதைப் பார்த்து வளர்ந்த தெரு இது, ஆசை இருக்கத்தான் செய்யும். ஆறு வயதில் எடை வேண்டாம். வெறும் துடைப்பக்கட்டையைப் பிடித்துக்கொண்டு முதுகு வளையாமல் உட்கார்ந்து எழச் சொல்லிக்கொடுங்கள், தொங்குவது, ஏறுவது போதும். எடையைப் பிறகு பயிற்சியாளர் முடிவு செய்யட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ‘பாவாடையோட எப்படி ஓடறது’ என்று ஓரமாக நின்ற பிள்ளையை நான் பார்த்தேன். உள்ளே ஒரு லெக்கிங்ஸ் போட்டுவிட்டதும் அதுதான் முதலில் ஓடியது. ஆடை, கழிப்பறை, கூட வரும் ஆள் இந்த மூன்றையும் சரிசெய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

8. ‘நான் வரல’ என்றால்

காரணம் கேட்காதீர்கள். ஐந்து வயதுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. வயிற்றுவலி என்று சொல்லும், அதற்கு நாம் மாத்திரை தேடுவோம். நீங்களே ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஷூ கடிக்கிறதா, சிறுநீர் கழிக்க இடம் இல்லையா, பெரிய பிள்ளை யாராவது தள்ளுகிறதா, பசியா, தூக்கம் போதவில்லையா. நான் பார்த்தவரை பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றாக இருக்கும்.

எதுவும் இல்லையென்றால், ‘சரி, விளையாட வேண்டாம், வந்து உட்கார்ந்து பாரு’ என்று கூட்டிப் போங்கள். இரண்டு முறை உட்கார்ந்து பார்த்த பிள்ளை மூன்றாவது முறை எழுந்து போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு வாரம் ஆகியும் அழுதால் நிறுத்திவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்கலாம்.

‘பக்கத்து வீட்டு தம்பி எப்படி ஓடறான் பாரு’ என்ற வாக்கியம் மட்டும் வீட்டில் வரக்கூடாது. அத்தை, சித்தப்பாவிடமும் சொல்லிவையுங்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஆடும்போது அண்ணனுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையைக் கொடுங்கள், போட்டி வேண்டாம். என் பெரியவள் மறுபடி ஸ்கேட் மாட்டியது சின்னவனுக்கு விழக் கற்றுக்கொடுக்கத்தான். முழங்காலை மடக்கி, பக்கவாட்டில், கைக்காப்போடு விழுவது எப்படி என்று காட்டினாள். விழத் தெரிந்ததும் அவளுக்கே ஓடத் தைரியம் வந்துவிட்டது.

9. கத்திரி வந்ததும்

பழகிய பிள்ளைக்கும் மே மாதம் பாதி அளவுதான். சூரியன் ஆறு மணிக்கு முன்பே எழுந்துவிடும், அப்போதே களத்தில் இருங்கள். ஏழு மணிக்கு வீடு. மாலை ஆறுக்கு முன் வெளியே விடாதீர்கள், காற்று குளிர்ந்தாலும் சிமெண்டும் மணலும் சூடாகவே இருக்கும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே தண்ணீர் கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர், இளநீர், நுங்கு.

தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் தெரிந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. நிழலில் படுக்கவைத்துச் சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள், தெளிவாக இருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். தண்ணீரை உடம்பில் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

நடுப்பகலுக்கு வீட்டுக்குள் பல்லாங்குழி, தாயம், பலூன் பேட்மிண்டன், மெத்தையில் குட்டிக்கரணம். நீச்சல் பழகிய பிள்ளையானால் கூரை போட்ட குளமாகப் பாருங்கள், இல்லையென்றால் காலை முதல் வேளைக்கு மட்டும். ஜூன் இரண்டாவது வாரம் ஷூவை மறுபடி அளந்து பாருங்கள். விடுமுறையில் கால் வளர்ந்திருக்கும்.